வெளிநாட்டுப் போனில் நம்மூர் சிம்: பூட்டு வேறு, அலை வேறு, எண் வேறு

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் ஊருக்கு வந்தபோது, தான் பயன்படுத்திய போனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இங்குள்ள சிம்மைப் போட்டால் அது எடுக்கவில்லை. டவுனில் உள்ள செல்போன் கடைக்காரர் 2,500 ரூபாய் கொடுத்தால் ‘அன்லாக்’ செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? தோட்டத்தில் டவர் சரியில்லை என்பதால், மோட்டார் ஸ்டார்ட்டரில் இருக்கும் சிம்மையும் வேறு கம்பெனிக்கு மாற்ற நினைக்கிறார். அதில் ஏதும் சிக்கல் வருமா?

– ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர் ஒருவர்

பதில்: கடைக்காரரிடம் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பூட்டைத் திறக்கும் அதிகாரம் போனை விற்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. மகளுக்கு ஒரு போன் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஸ்டார்ட்டர் சிம்மை மாற்றும் முன் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அங்கேதான் பயிருக்கே ஆபத்து வரும்.

பூட்டு ஏன் வந்தது?

அமெரிக்காவில் போனையும் சேவையையும் ஒரே நிறுவனம் சேர்த்து விற்பது வழக்கம். பல ஆயிரம் ரூபாய் போனை மாதத் தவணையில் கொடுத்துவிட்டு, வாங்கியவர் பாதியில் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் இருக்க, தங்கள் சிம்மைத் தவிர வேறு சிம் வேலை செய்யாதபடி பூட்டிவிடுகிறார்கள். இதுதான் ‘சிம் லாக்’. போனில் கோளாறு எதுவும் இல்லை. விற்பனை நிபந்தனை அப்படி.

2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் திறப்பது அங்கே சட்டப்படி குற்றம் என்ற நிலை இருந்தது. அதை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வெள்ளை மாளிகைக்கு மனு அனுப்பினார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையை நீக்கியது. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய போன்களைப் பூட்டாமல்தான் விற்க வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் இதே விதி. எனவே கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ அண்மையில் வாங்கி வந்த போன் என்றால், பூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நம் நாட்டில் கடையில் வாங்கும் சாதாரணப் போன்களில் இந்தப் பூட்டு இருப்பதில்லை. குறைந்த விலையில் வந்த ஜியோபோன், ஜியோபாரத் போன்றவை விதிவிலக்கு. அவற்றில் ஜியோ சிம் மட்டுமே எடுக்கும். சந்தையில் பழைய போன் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

ஐபோன் என்றால் ‘செட்டிங்ஸ்’, அதற்குள் ‘ஜெனரல்’, அதற்குள் ‘அபவுட்’ பக்கத்துக்குப் போய், ‘கேரியர் லாக்’ என்ற வரியைத் தேட வேண்டும். அதற்கு நேராக ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் பூட்டு இல்லை. ஆண்ட்ராய்டு போன் என்றால், வேறு நிறுவனச் சிம்மைப் போட்டதும் ‘நெட்வொர்க் அன்லாக்’ எண்ணைக் கேட்கும். கேட்டால் பூட்டு இருக்கிறது என்று பொருள்.

அந்த இடத்தில் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும். கூடாது. குறிப்பிட்ட சில முறைதான் அது தவறை ஏற்கும். அதைத் தாண்டினால், பிறகு சரியான எண்ணே கிடைத்தாலும் போன் ஏற்காமல் போய்விடலாம்.

அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14-ம் அதற்குப் பிந்தைய மாடல்களும் என்றால் இன்னொரு விஷயம். அவற்றில் சிம் போடும் துளையே கிடையாது. ‘இ-சிம்’ மட்டும்தான். பூட்டு இல்லாவிட்டாலும், நம் சிம் நிறுவனத்திடம் கேட்டு அதே எண்ணை இ-சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

திறப்பது எப்படி?

போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ‘ஐ.எம்.இ.ஐ.’ எண் திரையில் வரும். அதை எழுதி மகளுக்கு அனுப்ப வேண்டும். அவர் தன்னுடைய அமெரிக்க நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் அந்த எண்ணைக் கொடுத்து, பூட்டைத் திறக்கும்படி கேட்க வேண்டும். நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் மூன்று கேள்விகள் எங்கும் வரும். தவணை முழுவதும் கட்டியாகிவிட்டதா? அந்த நிறுவனத்தில் குறைந்தபட்ச நாட்கள் பயன்படுத்தப்பட்டதா? போன் தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ புகார் இல்லாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் பணம் வாங்காமலே திறந்து கொடுப்பார்கள்.

பெரும்பாலும் தடங்கல் தவணையில்தான் வரும். “அப்பா, இன்னும் எட்டு மாசம் கட்டணும்” என்று மகள் சொன்னால், அதுவரை போனை வைஃபையில் மட்டும் பயன்படுத்தலாம். படம் எடுக்க, வானிலை பார்க்க, வீடியோ அழைப்பில் பேரப்பிள்ளையைப் பார்க்க அது போதும்.

கடைக்காரர் 2,500 ரூபாய்க்கு என்ன செய்வார்? சிலர் சிம்மோடு ஒட்டும் சிறு சில்லு ஒன்றை வைத்துக் கொடுப்பார்கள். மென்பொருள் புதுப்பித்ததும் அது நின்றுபோகலாம். இன்னும் சிலர் ஐ.எம்.இ.ஐ. எண்ணையே மாற்றிக் கொடுப்பதாகச் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகக் கூடாது. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அந்த எண்ணைத் திருத்துவது 3 ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கக்கூடிய குற்றம்.

பழைய போன் வாங்குகிறவர்களும் இந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். KYM என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, 15 இலக்க எண் என்று அடித்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தப் போனின் விவரம் வரும். விதைப் பொட்டலத்தில் சான்று அட்டையைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

பூட்டு திறந்தால் மட்டும் போதுமா?

இனி ஸ்டார்ட்டர் விஷயம். வேடசந்தூர் பக்கத்தில் ஒரு விவசாயி. 2 ஏக்கரில் சொட்டுநீரில் தக்காளி. கிணறு வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர். ஆறு வருடத்துக்கு முன்பு வாங்கிய மொபைல் ஸ்டார்ட்டரை வைத்து, ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது வீட்டுத் திண்ணையில் இருந்தே மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார். டவர் சில நேரம் விட்டுவிட்டு வந்தது. அவருடைய கைப்போனில் வேறு நிறுவனத்தின் 4ஜி சிம் நன்றாக எடுத்தது. ஸ்டார்ட்டர் சிம்மையும் அதே நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்.

மாறிய அன்று ராத்திரி அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகக் குரல் வந்தது. கரண்ட் போயிருக்கும் என்று படுத்துவிட்டார். காலையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர், “கரண்ட் ராத்திரி முழுக்க இருந்துச்சே அண்ணே” என்றார். மெக்கானிக் வந்து ஃபியூஸ் மாற்றினார். அடுத்த நாள் ரிலே மாற்றினார். சிம்மைக் கழற்றிக் கைப்போனில் போட்டால் நன்றாகப் பேச முடிந்தது. அதனால் சிம் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்தக் குழப்பத்தில் மோட்டார் ஓடாமலே நான்கு நாள் போய்விட்டது. பூவும் பிஞ்சுமாக இருந்த நேரம். பூக்கள் கொட்டின. ஐந்தாம் நாள் ஸ்டார்ட்டரைத் தவிர்த்து நேரடியாக மோட்டாரைப் போட்டு, விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துத் தண்ணீர் விட்டார். காய்த்திருந்த காய்களில் வெடிப்பு விழுந்தது.

கோளாறு எங்கே? பழைய மொபைல் ஸ்டார்ட்டர்களில் பல, 2ஜி அலையில் மட்டுமே பேசும். அவர் மாறிய நிறுவனத்தில் 2ஜி சேவை கிடையாது. கைப்போன் 4ஜி என்பதால் அதில் சிம் எடுத்தது. ஸ்டார்ட்டருக்கு அந்த அலை தெரியாது. அதற்குப் பூட்டும் இல்லை, பழுதும் இல்லை. பழைய நிறுவனத்திலேயே புதிதாக ஒரு சிம் வாங்கிப் போட்டதும் ரிலே ‘டக்’கென்று விழுந்தது.

ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். ஆகியவை 2ஜி சேவை கொடுக்கின்றன. 2016-ல் சேவை தொடங்கிய ஜியோ, ஆரம்பத்திலிருந்தே 4ஜியில் மட்டும் வந்தது. அதில் 2ஜி, 3ஜி இரண்டும் இல்லை. எனவே ஸ்டார்ட்டர் எந்த அலையில் வேலை செய்யும் என்று தெரியாமல் சிம்மை மாற்றக் கூடாது. பெட்டியின் மேலோ கையேட்டிலோ ‘2ஜி’, ‘ஜி.எஸ்.எம்.’ என்று மட்டும் இருந்தால் 2ஜி உள்ள நிறுவனமே பொருந்தும். ‘4ஜி’, ‘வோல்டி’ என்று இருந்தால் எந்த நிறுவனம் பொருந்தும் என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாற்றும் முன் செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மாற நினைக்கும் நிறுவனத்தின் சிம்மை யாரிடமாவது இரவல் வாங்கி, ஸ்டார்ட்டரில் போட்டு, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் டவர் எடுப்பது கணக்கில் வராது. மோட்டார் கொட்டகைக்குள் எடுக்க வேண்டும். தவிர, டவர் குறைவு என்றால் உடனே நிறுவனத்தை மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. பல இடங்களில் ஆன்டெனா இரும்புப் பெட்டிக்குள்ளேயே மடங்கிக் கிடக்கும். அதை வெளியே எடுத்து உயரத்தில் பொருத்தினாலே சரியாகிவிடும்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றுவது

சோதித்துப் பார்த்துத் திருப்தி என்றால், எண் மாறாமலே நிறுவனத்தை மாற்றலாம். இந்த வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. PORT என்ற ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, 10 இலக்க எண் என்று அடித்து, அந்தச் சிம்மிலிருந்தே 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். ஸ்டார்ட்டர் சிம் என்றால் கழற்றிக் கைப்போனில் போட்டுத்தான் இதை அனுப்ப முடியும். எட்டு எழுத்து-எண் கொண்ட குறியீடு ஒன்று வரும். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால் போதும். மாநிலத்துக்குள் என்றால் 3 வேலை நாளில் மாறிவிடும்.

தற்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருந்தால்தான் மாற முடியும். மாறிய பிறகு திரும்புவதற்கும் அதே 90 நாள் காத்திருக்க வேண்டும். வேடசந்தூர் விவசாயி புதுச் சிம் வாங்க நேர்ந்தது இதனால்தான். தொலைந்த சிம்முக்கு மாற்றுச் சிம் வாங்கியிருந்தால் 7 நாள் கழித்தே குறியீடு கிடைக்கும். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் ரீசார்ஜ் புதிய நிறுவனத்துக்கு வராது. குறியீட்டை யாரிடமும் போனில் சொல்லக் கூடாது.

வங்கிக் கணக்கு, பி.எம்.கிசான் ஆகியவற்றில் பதிந்த எண்ணை மாற்றுகிறவர்கள், பணம் எடுக்க வேண்டிய நாளிலோ ஆவணம் பதிய வேண்டிய நாளிலோ மாற்றாமல் இருப்பது நல்லது. மாறும் நேரத்தில் ஓ.டி.பி. வராமல் போகலாம்.

ஸ்டார்ட்டரில் புதிய எண்ணுள்ள சிம் போட்டால், சில மாடல்களில் மோட்டாரை இயக்கும் கைப்போன் எண்ணை மறுபடியும் பதிய வேண்டியிருக்கும். அதற்கான குறுஞ்செய்தி முறையைக் கையேட்டிலிருந்து எழுதி, கொட்டகைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தால் யாருக்கும் உதவும். ஸ்டார்ட்டர் சிம் குடும்பத்தில் ஒருவர் பெயரிலேயே இருக்கட்டும். விற்றவர் பெயரில் இருந்தால் பின்னாளில் மாற்றவும் முடியாது, தொலைந்தால் திரும்ப வாங்கவும் முடியாது.

புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜியிலும் வேலை செய்யும் கருவியாகக் கேட்டு வாங்கலாம். கைப்போன் மூலம் பம்புசெட்டை இயக்கும் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் கொடுத்து வருகிறது. இப்போதைய மானிய அளவையும், வேண்டிய ஆவணங்களையும் அந்தந்தப் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஸ்டார்ட்டர் எந்தக் காரணத்தால் நின்றாலும் பயிரைக் காயவிடாமல், அன்றைக்கே கையால் மோட்டாரைப் போட்டுவிட வேண்டும். அதற்கான மாற்று சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். நாலைந்து நாள் காய்ந்துவிட்டது என்றால், விட்ட தண்ணீரை ஒரே நாளில் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. வழக்கமான அளவில் பாதியாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தக்காளியில் காய் வெடிப்பும், காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் இப்படிக் காய்ச்சலும் பாய்ச்சலும் தாறுமாறாக வருவதால்தான் கூடுகின்றன.

ஒட்டன்சத்திரம் வாசகர் இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே வேலை. ஒன்று, *#06# அழுத்தி வந்த எண்ணை மகளுக்கு அனுப்புவது. இரண்டு, கொட்டகைக்குப் போய் ஸ்டார்ட்டர் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. இரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.