நாயோடு செல்பவன் தனியே செல்கிறானா?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. விடுதியில் எங்கு திரும்பினாலும் ஊருக்குப் போகும் பேச்சுத்தான். சென்ற வாரம் மன்றக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் தம் திட்டத்தை வெளியிட்டார். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாராம். தாம் வளர்க்கும் நாயை அதில் ஏற்றிக்கொண்டு, தில்லியிலிருந்து சேலம் வரை, 2,000 கிலோமீட்டருக்கு மேல் தனியாகவே ஓட்டிச் செல்லப் போகிறாராம். இரவில் தங்கும் விடுதி தேடப் போவதில்லை, காரிலேயே படுக்கை. “தனிமை, முழு விடுதலை!” என்று அவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். ஆனால் அறைக்குத் திரும்பிய பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. அன்று நேரில் சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன். நண்பர் பொறுத்தருள்வார் என்று நம்புகிறேன்.

ஊர் சுற்றுவதை நான் பழிக்கவில்லை. இளமையில் சுற்றாமல் எப்போது சுற்றுவது? நாயோடு ஊருக்குப் போக விரும்புகிறவருக்கு வேறு வழி எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் அறிவேன். இரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் பிடிக்க வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் விட வேண்டும். மாணவர் கையில் அவ்வளவு பணம் ஏது? கூண்டில் விடவோ மனம் வருவதில்லை. ஆகவே காரை நாடுகிறார்கள். அதில் குற்றமில்லை. ‘தனியாக’ என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்கு வழக்கு. பக்கத்து இருக்கையில் ஓர் உயிர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, தனிமை எங்கிருந்து வந்தது?

இத்தகைய பயணத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக். 1960 செப்டம்பரில், தம் 58ஆம் வயதில், ஒரு சிறு லாரியின் முதுகில் படகின் அறை போன்ற கூடொன்றைப் பொருத்திக்கொண்டு அவர் புறப்பட்டார். அதற்குள் கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி எல்லாம் உண்டு. வண்டிக்கு டான் குவிக்சோட்டின் குதிரையான ரோசினாண்டேயின் பெயரைச் சூட்டினார். துணைக்கு வந்தது சார்லி என்ற பத்து வயதுப் பூடில் நாய். ஏறத்தாழ 10,000 மைல் சுற்றி வந்து, 1962இல் ‘சார்லியுடன் பயணங்கள்’ என்ற நூலை வெளியிட்டார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

அந்நூலைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வண்டி ஓட்டியவர் ஸ்டீன்பெக். ஆனால் வழியை மாற்றியது பலமுறை சார்லி. நயாகரா வழியே கனடாவுக்குள் நுழைய எண்ணினார். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்கான சான்று கையில் இல்லை. போனால் திரும்பி வரும்போது அமெரிக்க எல்லையில் நாயைத் தடுத்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டார். எல்லோஸ்டோன் பூங்காவில் கரடிகளைக் கண்டதும், சாதுவான சார்லி வெறிகொண்டு குரைத்தது. பூங்காவை முழுதும் பாராமலே வெளியேறினார். பிறகு சார்லி சிறுநீர் கழிக்க இயலாமல் துன்புற்றது. முதலில் பார்த்த மருத்துவர் கருத்தோடு பார்க்கவில்லை. டெக்சாஸில் அமரில்லோ நகரத்து இளம் மருத்துவர் ஒருவரிடம் சில நாள் விட்டுவைத்துக் குணமான பின்னரே பயணம் தொடர்ந்தது. நாயை ஏற்றிக்கொண்டவன் தன் காலக் கணக்கில் பாதியை நாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டான் என்பதே இதன் பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2010இல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே வழியில் சென்று ஆராய்ந்தார். ஸ்டீன்பெக் பல இரவுகளை ஓட்டல்களிலும் பிறர் வீடுகளிலும் கழித்திருக்கிறார், பயணத்தின் பல நாட்களில் அவருடைய மனைவியும் உடனிருந்திருக்கிறார் என்று அவர் எடுத்துக்காட்டினார். நூலின் 50ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையிலும் இந்த ஐயம் இடம்பெற்றது. ‘தனியாகப் போனேன்’ என்று சொல்லிக்கொள்வதில் அத்துணைப் பெரிய எழுத்தாளருக்கே அத்துணை ஆசை! நம் நண்பரைக் குறை சொல்லி என்ன பயன்?

இவ்வளவு பேசும் நான் யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மார்ச்சு மாத இறுதியில், நானும் இப்படித்தான் புறப்பட்டேன். என் நாயின் பெயர் மணி. முதல் இரவு ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் காரிலேயே படுத்தோம். கொசுவும் புழுக்கமும் சேர்ந்து இருவரையும் உறங்கவிடவில்லை. மறுநாள் ஜான்சியைக் கடந்து லலித்பூர் செல்லும் வழியில் ஒரு தாபாவில் நிறுத்தினேன். நாயை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். மர நிழலாகப் பார்த்துக் காரை நிறுத்தி, கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, ‘பத்தே நிமிடம்’ என்று மணியிடம் சொல்லிவிட்டுப் போனேன். ரொட்டி வர நேரமாயிற்று. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

யாரோ தோளை உலுக்கினார்கள். விழித்துப் பார்த்தால் ஒரு லாரி கிளீனர். “உன் நாய்!” என்றார் இந்தியில். ஓடினேன். மரம் நின்ற இடத்தில்தான் நின்றது. நிழல் நகர்ந்து போயிருந்தது. மணி இருக்கைக்குக் கீழே விழுந்து கிடந்தது. நாக்கு கருஞ்சிவப்பாகித் தொங்கியது, கண் நிலைகுத்தியிருந்தது. லாரி ஓட்டுநரே அதைத் தூக்கி நிழலில் கிடத்தி, வயிற்றிலும் பாதங்களிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் துண்டால் விசிறினார். நான் செய்வதறியாது நின்றேன். லலித்பூரில் மருத்துவர் மருந்தேற்றினார். மணி பிழைத்துக்கொண்டது. ஆனால் இன்றும் கார்க் கதவு திறக்கும் ஓசை கேட்டால் இரண்டடி பின்வாங்குகிறது. நான் அழைத்தாலும் வருவதில்லை.

நான் நிறுத்தியபோது காருக்குள் வெயில் இல்லை. அன்று கடுங்கோடையும் இல்லை. பிறகு எப்படி நேர்ந்தது? 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்து காட்டியிருக்கிறது. வெயிலில் மூடி நிறுத்திய காரினுள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரி 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பயனில்லை. வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே 50ஐத் தாண்டுவதற்கு ஒரு வேளை உணவு நேரம் போதும். நமக்கு உடலெல்லாம் வியர்க்கும். நாய்க்கோ பாதங்களில்தான் சிறிது வியர்வை. மற்றபடி இளைத்து இளைத்தே தன் சூட்டைத் தணிக்க வேண்டும். அது இழுக்கும் காற்றே அனலாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். கதவைத் திறக்கும் கையும் அதற்கில்லை.

அந்த லாரி ஓட்டுநர் என்னைத் திட்டவில்லை. “இரவு எங்கே தூங்கினாய்?” என்று கேட்டார். காரில் என்றேன். “ஏன், அறை எடுக்கப் பணமில்லையா?” என்றார். பணம் இருந்தது என்று சொல்ல எனக்கு நாக் கூசியது. மாதத்தில் பெரும்பகுதி இரவுகளை அவர் லாரியின் முன்னறையில் கழிக்கிறவர். அவருக்கு அது விடுதலையாகத் தோன்றவில்லை. 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து செய்யப்படும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று அரசு அறிவித்ததே 2023இல்தான். அதற்குமுன் எத்தனை தலைமுறை ஓட்டுநர்கள் அந்த இரும்புப் பெட்டியில் வெந்திருப்பார்கள்!

ஸ்டீன்பெக்கின் நாட்டிலும் இதே கதை உண்டு. அவர் விருப்பத்தோடு வண்டியில் உறங்கிய அதே 1960இல், அங்குக் கறுப்பின மக்கள் பலர் விருப்பமின்றிக் காரில் உறங்கினார்கள். ஓட்டல்கள் அவர்களுக்கு இடம் தர மறுத்தன. தங்க இடம் தருவோர் யார் யார் என்று தெரிவிப்பதற்காகவே நியூயார்க்கின் தபால்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டு வந்தார். அவருக்குப் பின்னும் 1960களின் நடுப்பகுதி வரை அது வெளிவந்தது. நியூ ஆர்லியன்சில் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் பள்ளிக்குள் நுழைவதை எதிர்த்துப் பெண்கள் கூடி நின்று வசைபாடியதை ஸ்டீன்பெக் நேரில் கண்டு எழுதினார். அந்த ஊரில்தான், வண்டியில் அமர்ந்திருந்த சார்லியைத் தூரத்தில் பார்த்துக் கறுப்பர் என்று நினைத்துவிட்டேன் என ஒருவன் இழிசொல்லால் குறிப்பிட்டுச் சிரித்தான். வண்டியில் உறங்குவது ஒருவனுக்கு இன்பமாவதும் மற்றொருவனுக்குத் துன்பமாவதும் எதனால்? வேண்டாமென்றால் எழுந்து போகும் உரிமை ஒருவனுக்கு இருக்கிறது; மற்றவனுக்கு இல்லை. அந்த உரிமை நம் காரில் யாருக்கு இருக்கிறது? ஓட்டுகிறவருக்கு இருக்கிறது. நாய்க்கு இல்லை.

நாய் விரும்பித்தானே வருகிறது, வாலை ஆட்டுகிறதே என்று கேட்பீர்கள். நாம் எங்கே போனாலும் அது வாலை ஆட்டும். அது நம்மோடு வர விரும்புகிறது. நாக்பூர் வெயிலுக்குள் வர விரும்புகிறது என்று அதற்குப் பொருளில்லை. தோழியர் சிலர் வேறொரு நியாயம் கூறினார்கள். பெண் ஒருத்தி காரில் தனியே இரவைக் கழிக்க நேர்ந்தால், குரைக்கும் நாயைப் போன்ற துணை உண்டா என்று கேட்டார்கள். உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் நம்மைக் காக்க வந்த உயிரைக் காக்கும் கடன் நமக்கு இரட்டிப்பு அன்றோ?

இந்தக் கடன் சட்டத்திலும் இருக்கிறது. மாநிலங்கள் அவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் விளைவாக 1960 டிசம்பரில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஸ்டீன்பெக் ஊர் சுற்றிய அதே ஆண்டு! வேண்டாத துன்பம் விளையுமாறு ஒரு விலங்கை வண்டியில் கொண்டு செல்வது அச்சட்டத்தின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அது விதித்த தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அன்று லலித்பூர்ச் சாலையில் என்னை யாரேனும் பிடித்திருந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசோடு தப்பியிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன்: இதில் சட்டத்தை நம்பிப் பயனில்லை, நெஞ்சுதான் காவல்.

நண்பருக்கு என் வேண்டுகோள் இதுதான். மே மாதத்தில் இந்தப் பயணம் வேண்டாம். நாயை இங்கே நம்மில் ஒருவரிடம் விட்டுவிட்டு இரயிலில் போய் வாருங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன். அக்டோபர் இறுதியில் வெயில் தணிந்ததும் இருவரும் காரில் புறப்படுங்கள். தடுப்பூசிச் சான்றைப் பையில் வையுங்கள். நாயோடு தங்க இடம் தரும் விடுதிகள் எவையென்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காரிலேயே உறங்குவதானால் சாலையின் விளிம்பில் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்; விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற ஒரு கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிறவரை அது எழுப்புவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாயைக் காரில் பூட்டிவிட்டு உண்ணப் போகாதீர்கள். நாயை விடாத கடையில் நாமும் உண்ண வேண்டாம். ரொட்டியை வாங்கி வந்து மரத்தடியில் இருவரும் பகிர்ந்துகொள்ளலாமே!

இவற்றைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் விடுதலை எங்கே?’ என்று நண்பர் கேட்கக்கூடும். பாதி போய்விடும் என்பது உண்மைதான். பிறிதோர் உயிரோடு வாழ முற்பட்ட அன்றே அந்தப் பாதியைக் கொடுத்துவிட்டோம். முழு விடுதலை வேண்டுவோர் நாயை வீட்டில் விட்டுப் போகட்டும். நாயும் வேண்டும் என்போர், ‘தனியாகப் போனேன்’ என்று சொல்லாமல், ‘நாங்கள் இருவர் போனோம்’ என்று சொல்லப் பழகட்டும். அப்படிச் சொல்லத் தொடங்கினால் மற்றவை தாமே நினைவுக்கு வரும்.

சேலத்திலிருந்து இருவரும் நலமாகத் திரும்பி வந்து, மன்றத்தில் அக்கதையைச் சொல்லுங்கள். அன்று மனமாரக் கைதட்டுவேன்.