வீட்டுக்கொரு துப்பாக்கியா?

ஈப்போ தாமானில் குடியேறிய என் பழைய மாணவர் கேட்கிறார்: "திருட்டுப் பயம், சார்! வீட்டுக்கொரு துப்பாக்கி வைத்துக்கொள்ள அரசாங்கம் விட்டால் என்ன?"

துப்பாக்கிப் பயத்தை நம் பேரா நன்றாக அறியும். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர்; பிறகு 12 வருஷம் அவசரகாலம். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறதென்றால் கேட்டுப் பார்க்கலாம்.

திருடனுக்காக வேண்டாம், தம்பி. சீனி டப்பாவை எத்தனை உயரத்தில் வைத்தாலும் பிள்ளைகள் முக்காலி போட்டு எடுத்துவிடுகிறார்களே, துப்பாக்கியை எங்கே ஒளிப்பீர்கள்? சம்பள நாளில் சம்சு உள்ளே போனால் கூடப்பிறந்தவனே திருடனாகத் தெரிவான். லயத்தில் அரிவாளோடு நின்றவனை நாலு பேர் பிடித்து அடக்கியதைப் பார்த்திருக்கிறேன். குண்டை யார் பிடிப்பது?

"அப்படியானால் நாய் வளர்க்கட்டுமா, சார்?"

வளருங்கள். ருக்குன் தெத்தாங்கா ரோந்துக்கும் பெயர் கொடுங்கள்.