மரத்தடியில் ஒரு முழம் மண்

இந்த வாரம் குமரி ஜில்லா தடிக்காரன்கோணத்தில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சீவீட்டின், அதாவது சில்வண்டின், சத்தம் காதை அடைத்தது. கீரிப்பாறை மலையடிவாரத்தில் வெயில் ஏறினால் அப்படித்தான். ஒரு மரத்தில் தொடங்கும், அடுத்த மரம் வாங்கிக்கொள்ளும், பத்து எண்ணுவதற்குள் தோட்டம் முழுக்க ஒரே இரைச்சல். கேட்கக் கேட்க எனக்கு மனசு நிறைந்தது.

பந்தியில் பக்கத்து இலை மருமகனுடையது. பெங்களூரிலிருந்து வந்தவன். "மாமா, இதுக்கு மருந்து ஏதும் அடிக்கக் கூடாதா? ஒரு போன் பேச முடியல" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. "மக்களே, அது உன்னைக் கடிச்சுதா? கொஞ்ச நாள் கத்திட்டுப் போயிரும்" என்றேன்.

கத்துவது ஆண் மட்டும்தான். வயிற்றின் இரு பக்கமும் வரிவரியாக ஒரு சவ்வு. தசை இழுத்தால் உள்ளே மடங்கும், விட்டால் வெளியே வரும். தகர டப்பா மூடியை அழுத்தி விடுகிற மாதிரி, ஒரு நொடிக்குள் நூறு தடவைக்கு மேல். பொள்ளலான வயிறு அதைக் குடம்போலப் பெருக்கித் தரும். பெண்ணை அழைக்கிற சத்தம் அது. ஊரெல்லாம் சில்வண்டு என்று சொன்னாலும் எங்க அம்மைக்கு அது சீவீடுதான். மலையாளத்திலும் அதுவே பெயர். சங்கப் பாடல்களில் பாலைநிலத்து மரத்திலிருந்து கத்தும் 'சிள்வீடு' இதுதான். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் ஜில்லாவின் நாவில் அந்தச் சொல் இன்னும் தங்கியிருக்கிறது.

கை கழுவப் பின்பக்கம் போனேன். பழைய பிலாமரத்தின் தடியில், என் முட்டி உயரத்தில், ஒரு சீவீட்டுக் கூடு ஒட்டியிருந்தது. முதுகு நெடுக வெடித்திருந்தது. வெடிப்பிலிருந்து வெள்ளை நூல் மாதிரி இரண்டு இழை தொங்கின. முன்னங்காலில் காய்ந்த மண். அந்த மண் எங்கே என்று கீழே பார்த்தேன். இல்லை. முற்றம் முழுக்க இன்டர்லாக் கல், மரப்பட்டையைத் தொடுகிற வரை.

இன்டர்லாக் கல்லைப் பற்றி இங்கே எத்தனை தடவை எழுதிவிட்டேன்! நம் ஜில்லாவுக்கு வருஷத்தில் இரண்டு மழை. கல்லைப் பாவி இரண்டையும் ஓடைக்கு அனுப்பிவிட்டுக் கிணறு வற்றுகிறது என்று அழுகிறோம். அப்போதெல்லாம் நான் தண்ணீரை மட்டுமே நினைத்தேன். மண்ணுக்குள் இருக்கிற உயிரை நினைக்கவில்லை.

சீவீடு முட்டையிடுவது மரக்கொப்பில். பொரிந்த குஞ்சு கீழே விழுந்து மண்ணுக்குள் இறங்கி, வேர்ச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மேகாலயாவின் ரிபோய் மாவட்டத்தில் ஓரினம் நாலு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமாக மேலே வருகிறது. அமெரிக்காவில் 13, 17 வருஷம் காத்திருப்பவை உண்டு. வெளியே வந்து பாடுவது சில வாரம்தான். அது இறங்கும்போது மண் இருந்தது; ஏறும்போது கல் இருந்தால் என்ன செய்யும்?

மரத்தடிக் கல்லை எடுத்துவிடும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மழைக்குச் சேறாகுமே அண்ணாச்சி" என்றார். நடக்கிற இடத்தில் கல் போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. மரத்தடியில் யார் நடக்கப் போகிறார்கள்?

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மரத்தைச் சுற்றி ஒரு முழம் மண்ணாவது விடுங்கள். ஏற்கெனவே கல் பாவியிருந்தால் அந்த ஒரு சுற்றை மட்டும் பெயர்த்தெடுங்கள், அரைநாள் வேலை. போன வருஷம் இறங்கிய குஞ்சு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.