கணவனும் மனைவியும் எழுதிய கல்யாணம்

'ஃபாதர் ஆஃப் தி பிரைட்' படத்தின் 2022 பதிப்பை இந்த வாரம்தான் பார்த்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ரீமேக் என்றால் நான் எப்படிக் கொதிப்பேன் என்பது இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதையை 1991-ல் ஸ்டீவ் மார்ட்டினை வைத்து ஒருமுறை நன்றாகவே மறுபடி எடுத்திருந்தார்கள். அந்த நம்பிக்கையில் உட்கார்ந்தேன்.

அப்பாவாக வரும் ஆண்டி கார்சியா நல்ல நடிகர். மயாமியில் ஒரு கியூபக் குடும்பம், எதிரே மெக்சிகோவின் பணக்கார சம்பந்தி. யார் செலவு செய்வது என்று இரண்டு அப்பாக்களும் முறைத்துக்கொண்டாலே படம் ஓடிவிடும். அதை நம்பாமல், தொடக்கத்திலேயே பெண்ணின் அப்பா அம்மாவை விவாகரத்து வரை கொண்டுபோய்விட்டார்கள். மகள் கல்யாணச் செய்தியோடு வந்து நிற்க, இவர்கள் விவாகரத்தை மறைக்கிறார்கள். போதாததற்குக் கடைசியில் புயல். மகளைக் கட்டிக்கொடுக்கும் தவிப்பு மட்டும் ஒரு படத்துக்குக் காணாது என்று யார் சொன்னது?

1950-ல் வின்சென்ட் மின்னெல்லி எடுத்த மூலப்படத்துக்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. எட்வர்ட் ஸ்ட்ரீட்டர் என்ற வங்கி அதிகாரி எழுதிய நாவல்தான் அதற்கு அடிப்படை. ஸ்பென்சர் டிரேசி அப்பா, எலிசபெத் டெய்லர் மகள். நிச்சயதார்த்த விருந்துக் காட்சியை இந்த வாரம் மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்பா முன்கூட்டியே மார்ட்டினி கலந்து தயாராக வைத்திருப்பார். வருகிறவர்கள் எல்லோரும் வேறு ஏதாவது கேட்பார்கள். மனிதர் அடுக்களையை விட்டு நகர முடியாது. மூடியைத் திறந்தால் பாட்டில் பொங்கி மேலெல்லாம் நனைந்துவிடும். மகளின் நிச்சயத்தை ஊரறியச் சொல்லத் தயார் செய்த பேச்சு பேசப்படாமலேயே போகும். டிரேசியின் முகத்தில் கோபம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஒரு வார்த்தை கூடுதலாக வராது.

இதை எழுதியவர்களைப் பற்றித்தான் வெகுநாளாகச் சொல்ல நினைத்தேன். பிரான்சிஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹேக்கெட். கணவன் மனைவி, மனைவி ஒன்பது வயது மூத்தவர். இருவரும் நடிகர்களாக இருந்து எழுத வந்தவர்கள். ஒரே காட்சியை இருவரும் தனித்தனியாக எழுதி, தாள்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் எழுதியதில் மற்றவர் குறை கண்டுபிடித்துச் சண்டை போட்டு, பிறகு ஒன்றாக்குவார்கள். இவர்கள் எழுதி 1934-ல் வந்த 'தி தின் மேன்' துப்பறியும் படம். ஆனால் இயக்குநர் வான் டைக் இவர்களிடம் முக்கியமாகக் கேட்டது அதில் வரும் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் காட்சிகளைத்தான். கொலைகாரன் யார் என்பது எனக்கு மறந்தே போயிற்று, அந்த இரண்டு பேரின் பேச்சு மறக்கவில்லை.

மூலப்படத்தில் தேவாலயக் கல்யாணம் எதற்கு என்று அப்பா முணுமுணுக்கும்போது, தனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் அம்மா எல்லியின் வாயிலிருந்து மெல்ல வெளிவரும். அத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவருக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அந்த இடம் பிரான்சிஸின் தாளிலிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன். 1991 படத்தை எழுதியவர்களும் ஒரு ஜோடிதான்: நான்சி மையர்ஸ், சார்லஸ் ஷையர். சாஸேஜ் எட்டு வரும்போது பன் மட்டும் ஏன் பன்னிரண்டு என்று கடையில் தகராறு செய்து அப்பா ஜெயிலுக்குப் போவார். வெளியே எடுக்க வரும் மனைவி, இனி ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று கம்பிக்குப் பின்னால் நிற்பவரிடம் வாக்குறுதி வாங்குவார். இவர்களும் விவாகரத்து வரை போகவில்லை. தினசரி உரசலே இரண்டு படங்களுக்கும் போதுமான சரக்காக இருந்தது.

குட்ரிச்சும் ஹேக்கெட்டும் 1956-ல் புலிட்சர் பரிசு வாங்கியது நகைச்சுவைக்காக அல்ல. 'ஆன் ஃப்ராங்க்கின் டைரி'யை நாடகமாக்கியவர்கள் இவர்கள்தான். அதற்காக ஆம்ஸ்டர்டாம் போய் ஆனின் அப்பா ஓட்டோ ஃப்ராங்க்கைப் பார்த்தார்கள், திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார்கள். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் அந்த மாடியிலும் ஒரு தம்பதி ஓயாமல் சண்டை போடுகிறது. சிகரெட்டுக்குக் காசில்லாமல் கணவர் வான் டான் மனைவியின் ஃபர் கோட்டை விற்கக் கிளம்புகிறார். அது அப்பா கொடுத்தது, தரமாட்டேன் என்று அவள் கத்துகிறாள். வாசலில் மரணம் நிற்கும்போது இந்தச் சில்லறைச் சண்டையை எழுதும் தைரியம், பல வருடம் கல்யாண வீட்டுச் சச்சரவை எழுதிப் பழகிய கைகளுக்குத்தான் வரும். நாடகம் புத்தகமாகக் கிடைக்கிறது. அந்த 2022 படத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் இதைப் படித்துவிடலாம்.