பெக்கட்டில் வந்தால்தான் காலைச் சாப்பாடா?



நேற்று தரம் 5 வகுப்பில் "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழும்பி "பேன்கேக், டீச்சர்" என்றது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் இன்னொரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. பிறகு தனியாகக் கேட்டபோதுதான் சொன்னது: பழஞ்சோறும் வெங்காயமும்.

மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

பேன்கேக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் சுடுவோம். ஆனால் அந்த மிக்ஸ் பெக்கட்டுக்குள் பெரும்பாலும் இருப்பது கோதுமை மா, சீனி, உப்பு, பேக்கிங் பவுடர். பல பெக்கட்டுகளுக்கு முட்டையும் பாலும் நாம்தான் சேர்க்க வேண்டும். 1889இல் அமெரிக்காவின் மிசூரியில் வந்த இப்படியொரு மிக்ஸ், காலையில் அளந்து கலக்கும் வேலையைக் குறைத்தது.

நம்முடைய உம்மாமாரும் அதைத்தானே செய்தார்கள்? அரிசியை ஊறவைத்து இடித்து, மாவை வறுத்து டின்னில் போட்டு வைப்பார்கள். விடிந்ததும் பிட்டு, இடியப்பம். அதுவும் மிக்ஸ்தான். பெக்கட்டும் படமும்தான் இல்லை.

பெற்றோர்களே, பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். வீட்டில் சாப்பிட்டதைச் சொல்ல வெட்கப்படவும் விடாதீர்கள்.

எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது என் பிழையும்தான். நாளைக்கு நானே முதலில் சொல்லப்போகிறேன்: இரவு மிஞ்சிய ரொட்டியும் மீன் ஆணமும்.