வேர் சிகிச்சைக்குப் பின்னும் வலியா?



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதக் கற்பிக்கும் ஒருவனுக்குப் பல் மருத்துவத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். ஓதுகின்றவனுக்கு நாவும் பல்லும் அல்லவா கருவிகள்! அரபு எழுத்துகளுள் 'ளாத்', நாவின் பக்க விளிம்பு மேல் கடைவாய்ப் பற்களைத் தொடும் இடத்தில் பிறப்பது. இடப்பக்கத்தால் அதை மொழிவதே பலருக்கும் எளிது. சென்ற ஆண்டு என்னை வாட்டி எடுத்ததும் அந்த இடப்பக்க மேல் கடைவாய்ப் பல்தான்.

சொத்தை ஆழமாக இறங்கி, இரவில் கன்னத்தைத் தலையணையில் வைக்க முடியாத நிலை வந்தது. உத்திரமேரூரிலிருந்து பேருந்தேறிக் காஞ்சிபுரம் சென்று ஒரு பல் மருத்துவரிடம் காட்டினேன். 'ரூட் கெனால்' என்று சொல்லப்படும் வேர் சிகிச்சை இரண்டு தவணைகளில் முடிந்தது. "சில நாட்களுக்குக் கடித்தால் வலிக்கும், பயப்படாதீர்கள். குறையாவிட்டால் வந்து காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

பன்னிரண்டு நாட்கள் சென்றன. வலி குறையவில்லை. இடியாப்பத்தைக் கடித்தாலும் சுரீரென்றது. "நரம்பையே எடுத்துவிட்டார்களாமே, பிறகு எது வலிக்கிறது?" என்று வீட்டார் கேட்டனர். எனக்கு விடை தெரியவில்லை. பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "காசையும் கொடுத்து வலியையும் வாங்கிக்கிட்டீங்களே ஹஜ்ரத்! பேசாமப் பிடுங்கிப் போட்டுடுங்க" என்றார். மருத்துவரோ, குறையாவிட்டால் வரச் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நாள் விடுப்பு, பேருந்துச் செலவு, 'அவருடைய வேலையைக் குறை சொல்வதாக நினைத்துவிட்டால்?' என்னும் கூச்சம் ஆகியவை என்னைத் தடுத்தன. மருந்துக் கடையில் நானாகவே வலி மாத்திரை வாங்கி விழுங்கினேன். வயிறு எரியத் தொடங்கியதே மிச்சம்.

ஒரு நாள் காலை, சூரத்துல் ஃபாத்திஹாவின் இறுதிப் பகுதியைப் பிள்ளைகளுக்கு ஓதிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் திரும்ப ஓதினான். 'ளாத்' பிழையாக வந்தது. திருத்தினேன், மீண்டும் அதே பிழை. அடுத்தவனும் அவ்வாறே ஓதினான். "நீங்க சொன்ன மாதிரிதானே ஹஜ்ரத் ஓதினோம்" என்றான் முதலாமவன். திடுக்கிட்டேன். வலிக்கும் பல்லை நாவு தொடாதபடி பல நாட்களாக ஒதுக்கி ஒதுக்கி ஓதியிருக்கிறேன்! என் பல்லின் குறை பிள்ளைகளின் நாவில் ஏறிவிட்டது. அன்று பிற்பகலே காஞ்சிபுரம் புறப்பட்டேன்.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நீலத் தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொன்னார். அடைத்த இடத்தில் ஒரு புள்ளி அழுத்தமாக நீலம் பிடித்திருந்தது. "அடைப்பு மயிரிழை உயரம் அதிகம். ஒவ்வொரு முறை வாய் மூடும்போதும் முழுப் பாரமும் இந்தப் பல்லின் மீதே விழுகிறது" என்று கூறி, அதைச் சற்றே தேய்த்துவிட்டார். சில நிமிட வேலைதான்! மூன்று நாட்களில் வலி அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டார் கேட்ட வினாவிற்கும் அன்றுதான் விடை கிடைத்தது. வேர் சிகிச்சையில் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய சதையை அகற்றிவிட்டு, அவ்விடத்தைத் தூய்மை செய்து, கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலிலிருந்து கிடைக்கும் பொருளால் அடைக்கின்றனர். ஆனால் வேரைத் தாடை எலும்போடு பிணைத்திருக்கும் மெல்லிய சவ்வு உயிருடனேயே இருக்கிறது. அதற்கும் நரம்பு உண்டு. பழைய கிருமிகளாலும் சிகிச்சையாலும் அது புண்பட்டிருப்பதால் கடிக்கும்போது வலிக்கிறது. பெரும்பாலும் சில நாட்களிலிருந்து ஒரு வாரத்திற்குள் இவ்வலி நாளுக்கு நாள் குறைந்துவர வேண்டும்.

அவ்வாறு குறையாவிட்டால் காரணம் தேட வேண்டும். எனக்கு வாய்த்தது எளிய காரணம்; எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. மேல் முதற் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். ஆனால் பலருக்கு நான்காவதாக ஒரு நுண்ணிய குழாய் மறைந்திருக்கும். அது விடுபட்டால் கிருமி அங்கே தங்கிவிடும். வேரில் விரிசல் இருக்கலாம். அடுத்த பல்லிலிருந்தும், மேல் பற்களுக்கு மேலுள்ள சைனஸ் அறையின் அழற்சியிலிருந்தும் வலி வரலாம். விடுபட்டதை மறுபடி சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற வழியிருக்கிறது. பிடுங்குவது கடைசி வழியே.

இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்தவர் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. 1013-ல் மறைந்த அப்பேரறிஞர், முப்பது பகுதிகள் கொண்ட தமது 'அத்தஸ்ரீஃப்' என்னும் மருத்துவ நூலில், பல்லைப் பிடுங்க அவசரப்படலாகாது என்று அறிவுறுத்துகிறார். வலி நோயாளியை ஏமாற்றும் என்றும், நல்ல பல்லைப் பிடுங்கிய பின்பும் நோயுற்ற பல்லின் வலி தொடரும் என்றும் எச்சரிக்கிறார். திண்ணைப் பேச்சைக் கேட்டு நானும் ஒரு நல்ல பல்லை இழக்க இருந்தேனே!

எனவே, தாய்மார்களும் பெரியவர்களும் சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். சிகிச்சை பெற்ற பல்லில் சில நாட்கள் கடினமானவற்றைக் கடிக்காதீர்கள். வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளியுங்கள். புகையிலை, மூக்குப்பொடி முதலியவற்றை அப்பாதீர்கள். கருவுற்றிருப்போரும், வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளோரும் மருத்துவரிடம் கேளாமல் வலி மாத்திரை உட்கொள்ள வேண்டாம். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் கடினமானாலோ அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். வலி நின்றுவிட்டது என்று தற்காலிக அடைப்போடு இருந்துவிடாதீர்கள். அது கசிந்தால் கிருமி மீண்டும் நுழையும். கடைவாய்ப் பல்லுக்கு மூடி போடாவிட்டால் அது பிளக்கவும் கூடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கூச்சத்தை விடுங்கள். குறை நீங்கவில்லை என்று சொல்வது மருத்துவரை அவமதிப்பதன்று. அவர் நமக்கிட்ட கட்டளையே அது. நோவைப் பொறுத்துக்கொள்வது ஸப்ரு. மருந்திருக்க அதை மறைத்து வைப்பது ஸப்ரு ஆகாது.

இப்பொழுது என் மாணவர்கள் 'ளாத்'தைத் திருத்தமாக ஓதுகிறார்கள். பிழையைக் கற்க அவர்களுக்குப் பன்னிரண்டு நாட்கள் போதுமாயிருந்தன. அதை மறக்கச் செய்ய எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.