பம்பரில் ஓட்டை எதற்கு?

புதுக் கார் ஷோரூமை விட்டுக் கிளம்பும் நாளில் சடங்குகளுக்குக் குறைவிருக்காது. மாலை விழும். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைக்கப்படும். சில ஊர்களில் கேக் வெட்டி போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த அமர்க்களத்துக்குச் சற்று முன்பு, வாங்கியவர் கண்ணில் படாமல், பின்கட்டில் இன்னொரு சடங்கு முடிந்திருக்கும். ஊழியர் ஒருவர் டிரில் மெஷினோடு வந்து, முன் பம்பரில் குத்துமதிப்பாக இரண்டு ஓட்டை போட்டு, நம்பர் பிளேட்டை முடுக்கிவிட்டுப் போயிருப்பார். வேலை ஒரே நிமிடம். ஓட்டை அந்த பம்பர் உள்ளவரை.

அம்பாசடர் காலத்தில் இது ஒரு விஷயமே அல்ல. பம்பர் என்றால் குரோமியம் பூசிய இரும்புப் பட்டை. அதில் போல்ட் போட்டுத் தகட்டை மாட்டினால் எதிரி துரு மட்டும்தான். இன்றைய பம்பரோ சுமார் 3 மி.மீ. கனமுள்ள பாலிப்ரோப்பிலீன் வகைப் பிளாஸ்டிக் தோல். மோதலைத் தாங்குவது அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உலோகக் குறுக்குச் சட்டம். தோலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பார்க்கிங் சென்சார் ஒயர்கள், ஏ.சி. கண்டென்சர், டர்போ வண்டிகளில் இன்டர்கூலர் என்று நெருக்கடியான குடித்தனம். கீழ் கிரில் இருக்கும் இடத்தில் கொஞ்சம் நீளமான ஸ்க்ரூவை அழுத்தித் திருகினால் அது கண்டென்சரின் மெல்லிய அலுமினியக் குழாயைத் தொடலாம். முதல் வேகத்தடையில் ஒன்றும் ஆகாது. நூறாவது வேகத்தடையில் உரசி உரசிப் பொத்தல் விழுந்து, கேஸ் முழுவதும் வெளியேறியிருக்கும். ஏ.சி. குளிரவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவருக்கு, காரணம் நம்பர் பிளேட் ஸ்க்ரூ என்று தோன்றவே தோன்றாது.

2021இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700 போன்ற கார்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. எதிரே போகும் வண்டியை ரேடாரால் பார்த்துத் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி இவற்றில் உண்டு. இத்தகைய கார்களில் ரேடார் பெரும்பாலும் முன் கிரில்லிலோ பம்பருக்குப் பின்னாலோ இருக்கும். பிளாஸ்டிக்கை ஊடுருவிப் பார்க்கும் ரேடாரால் அலுமினியத்தை ஊடுருவ முடியாது. கம்பெனி காட்டிய இடத்தை விட்டு நாலு அங்குலம் தள்ளித் தகட்டை மாட்டுவது, காவலாளியின் கண்ணைக் கட்டிவிட்டுக் காவலுக்கு நிறுத்துவது போலத்தான்.

அதற்காகத் தகட்டைக் கழற்றி டாஷ்போர்டில் சாய்த்து வைத்துக்கொண்டு ஓட்டவும் முடியாது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்கு முன்னும் பின்னும் பதிவு எண் தெரிந்தாக வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வரும் புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அலுமினியத் தகடு, அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரால் பொறித்த தொடர் எண், நீல நிறத்தில் ‘இந்தியா’வைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள். தகடு ‘ஸ்நாப் லாக்’ என்ற ஆணிப் பூட்டால் மாட்டப்படுகிறது. ஒருமுறை அழுத்திவிட்டால் அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பழைய வண்டிகளையும் மாநிலங்கள் ஒவ்வொன்றாக இந்த வளையத்துக்குள் கொண்டுவந்தன. மஹாராஷ்டிரத்தில் 2025இல் கெடு பல முறை தள்ளிப்போனது. அப்போது குடியிருப்பு வளாகங்களின் பார்க்கிங்கிலும் டிரில் சத்தம் கேட்டது.

மோதல் இங்கேதான். தகடு கழற்ற முடியாததாக இருக்க வேண்டும் என்பது அரசின் கவலை. திருட்டு வண்டியில் அடுத்தவர் நம்பரை மாட்டிக்கொண்டு திரிகிறவர்களைத் தடுக்க வேண்டுமே, அது நியாயமான கவலைதான். பம்பரில் தழும்பு விழக்கூடாது என்பது உரிமையாளரின் கவலை. இரண்டும் ஒன்றோடொன்று முட்டத் தேவையில்லை. தகட்டைப் பூட்டச் சொல்லும் விதி, பம்பர் தோலைத் துளைக்கச் சொல்லவில்லை. ஆணிப் பூட்டு தகட்டையும் பிராக்கெட்டையும் இணைக்கட்டும். பிராக்கெட் காரோடு உறுதியாகச் சேரட்டும். டிரில்லுக்கு வேலையே இல்லை.

அந்த பிராக்கெட் பெரும்பாலான கார்களுக்குத் தயாரிப்பாளரிடமே கிடைக்கிறது. நம் நாட்டில் விற்கும் கார்களின் பம்பர் நடுவில் தகட்டுக்கென்று ஒரு தட்டையான பள்ளம் இருக்கும். பல மாடல்களில் உள்பக்கம் கிளிப்போ, ஸ்க்ரூ ஏறும் குமிழோ வார்ப்பிலேயே அமைந்திருக்கும். அதற்குப் பொருந்தும் பிளாஸ்டிக் அடித்தட்டு உதிரிபாகப் பட்டியலில் தனி எண்ணோடு இருக்கும். ஷோரூமில் அதைக் கேட்பவர் குறைவு, எடுத்துத் தருகிறவர் அதைவிடக் குறைவு. மாட்டுகிறவருக்கு ஒரு நாளில் பல கார்கள் காத்திருக்கின்றன. கிளிப்பைத் தேடுவதைவிட ஓட்டை போடுவது அவருக்குச் சீக்கிரம் முடிகிற காரியம். எனவே கேட்க வேண்டிய நேரம் டெலிவரி அன்று அல்ல, பணம் கட்டும்போது. ‘பம்பரில் புதிதாகத் துளை போடக்கூடாது, கம்பெனி பிராக்கெட்டில் மாட்ட வேண்டும்’ என்று புக்கிங் படிவத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இறக்குமதிக் கார்களில் அளவு சற்று இடிக்கும். ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கும் தகடு 520 மி.மீ. நீளம், 110 மி.மீ. உயரம். நம்முடையது 500-க்கு 120, அல்லது 340-க்கு 200. முதல் அளவு அந்தப் பள்ளத்தில் ஏறக்குறைய உட்கார்ந்துவிடும். இரண்டாவது அளவு துருத்திக்கொண்டு நிற்கும். ஆர்டர் கொடுக்கும்போதே கவனித்தால் போதும்.

கம்பெனி பிராக்கெட் கிடைக்காதபோது மூன்று வழிகள் மிஞ்சுகின்றன. அகலமான திறந்த கிரில் உள்ள கார்களில் ரப்பர் வைத்த கிளாம்பால் கிரில் கம்பிகளோடு சட்டத்தைக் கட்டிவிடலாம். 600 சதுர செ.மீ. காற்று வழி அடைபடும் என்பதால் ரேடியேட்டருக்கு நேராக வேண்டாம்.

இரண்டாவது, இழுவைக் கொக்கி. பம்பரின் ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு மூடி இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அதைத் திறந்தால் பழுதான காரை இழுத்துச் செல்லக் கொக்கி திருகும் மரைத்துளை இருக்கும். அதில் ஒரு தண்டைத் திருகி, தண்டின் நுனியில் தகட்டை மாட்டுகிறார்கள். ஃபோல்க்ஸ்வாகன் குழுமத்துக் கார்களில் மரை எதிர்த்திசையில் ஏறும் என்பதால் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். துளை இல்லை, பசை இல்லை. ஆனால் தகடு ஒரு பக்கமாக, பம்பரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கிடைக்கிற சந்தில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் மூக்கை நுழைக்கும் நம் சாலைகளில் அது எத்தனை நாள் நேராக இருக்கும்? தவிர, ஸ்பானர் கொண்டு தண்டைக் கழற்றினால் தகடும் கூடவே வந்துவிடும். பூட்டின் நோக்கமே போய்விடுகிறது. வழியில் நிறுத்தும் போலீஸ்காரர் கேள்வி கேட்டால் அவர் மீது தவறு சொல்ல முடியாது.

மூன்றாவது, இருபக்கமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப். கேட்டதும் பலர் சிரிப்பார்கள். ஆனால் அமெரிக்காவில் டெஸ்லா தன் மாடல் 3 காருக்குத் தந்த முன் தகட்டுச் சட்டம் ஒட்டுப் பட்டையோடுதான் வந்தது. அங்கே சுமார் 20 மாநிலங்களில் முன் தகடு தேவையில்லை. ஒஹாயோ 2020 ஜூலையில் அதைக் கைவிட்டது. அதனால் துளையில்லா முகம் அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. இங்கே டேப்பை நம்புகிறவர் அவசரப்படக் கூடாது. மெழுகுப் பாலிஷ் போட்ட பம்பரில் டேப் நிற்காது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். பெயிண்ட் அடித்த பரப்பில் நன்றாகப் பிடிக்கும். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் பிரைமர் இல்லாமல் பிடிக்காது. வளைந்த பம்பரில் தட்டையான சட்டத்தை அழுத்தி ஒட்டினால் அது நிமிரப் பார்த்து ஓரங்களில் பிரியும். வளைவுக்கு ஏற்ற அடித்தட்டு அவசியம். முழுப் பிடிப்பு வர 3 நாள் ஆகும், அதுவரை தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது. இத்தனையும் செய்ய நேரமில்லாதவர் டேப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. நெடுஞ்சாலையில் தகடு கழன்று விழுந்தால், போலீஸில் புகார், புதுத் தகட்டுக்கு மறுபடி பணம், மாட்டுவதற்கு இன்னொரு நாள் லீவு.

பிராக்கெட்டின் அருமை முழுதாகத் தெரிவது விபத்துக்குப் பிறகுதான். பம்பரோடு சேர்த்துப் பூட்டிய தகடு, பம்பர் மாற்றும்போது பூட்டு உடைபட்டே வெளியே வரும். பிராக்கெட்டில் பூட்டியது என்றால், இரண்டும் வளையாமல் தப்பியிருந்தால், அப்படியே புது பம்பருக்கு இடம் மாறிவிடும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் அதன் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். அந்தச் செலவோடு தகட்டுச் செலவும் சேர வேண்டாமே.

ஏற்கனவே ஓட்டை விழுந்துவிட்டதா? பதற வேண்டியதில்லை. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. விளிம்பில் விரிசல் கிளம்பியிருக்கிறதா என்று பார்த்து, ரப்பர் குரோமெட் செருகினால் தகடு தடதடக்காது. தேவையில்லாத துளைகளுக்குப் பம்பர் நிறத்திலேயே சின்னப் பிளக் கிடைக்கிறது. உள்ளே ஸ்க்ரூ நுனி எவ்வளவு தூரம் நீட்டியிருக்கிறது என்பதை மட்டும் அடுத்த சர்வீஸில், பம்பருக்கு அடியிலிருந்து டார்ச் அடித்து மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லலாம்.